உன் தங்கைக்கு வாசனை தெரியாது

என் பிரியமான பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம், நீயும் மருமகளும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். போனில் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய், அதனால் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

தங்கை இன்னும் சமையலறை வாசலைத் தாண்டவில்லை. என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அம்மா ஏதாவது நாத்தம் வருதா, நல்லா மோந்து பாரு என்கிறாள். போன வருடக் காய்ச்சலில் வாசனையே தெரியாமல் போனதை, நான் நச்சரிப்பேன் என்று என்னிடம்கூட மறைத்திருக்கிறாள். கட்டியவனிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். அன்று காலை அவர்கள் வீட்டில், படுக்கும்முன் அவள் மூடிவைத்த கேஸைத் திறந்துவிட்டு, ஜன்னலையும் சாத்திவிட்டு, பாலைக் காய்ச்சி வை, இதோ கடைக்குப் போயிட்டு வந்துடறேன் என்று அவளை எழுப்பிவிட்டுப் போயிருக்கிறான். கீழ்வீட்டுத் தையற்காரம்மா மாடிப்படியில் நாற்றம் பிடித்து ஓடிவந்து, ஏ பொண்ணே, அடுப்பப் பத்த வைக்காத, வெளிய வா என்று கதவை இடித்தபோது இவள் கையில் தீப்பெட்டி.

அவள்தான் மறதியில் திறந்து வைத்தாளாம், வாசனை தெரியாதென்று தனக்குச் சத்தியமாகத் தெரியாதாம். போலீசில் இப்படிச் சொல்லி ஜாமீனும் வாங்கிவிட்டான். (போன மாதம் வரை ‘அவர்’ என்று எழுதிய கைதான் இது. இனி ‘அவன்’ போதும்.) தினமும் எதிர் மருந்துக்கடை ஓரம் வந்து நின்று நம் ஜன்னலைப் பார்க்கிறான். நேற்று மாத்திரை வாங்கப் போனேன், அத்தை, நல்லா இருக்கீங்களா என்றான். இருக்கோம், ரெண்டு பேருமே இருக்கோம் என்றேன்.

செய்தி கேட்ட அன்று நீ பதறிக்கொண்டு என்ன சொன்னாய்? அவன்தாம்மா சொன்னான், உன் தங்கச்சிக்கு மூக்கு சும்மா அழகுக்குத்தான், சட்டி கருகினாலும் தெரியாதுன்னு சிரிச்சான் என்றாய். இப்போது ஞாபகம் இல்லை, குடும்ப விஷயம் கோர்ட்டுக்கு எதுக்கும்மா என்கிறாய். உன்னோடு படித்தவன், நீ பார்த்து முடித்த சம்பந்தம், சங்கடம்தான், புரிகிறது. ஆனால் அவனுக்குத் தெரியும் என்பதற்கு உன்னை விட்டால் வேறு சாட்சி இல்லை. திங்கட்கிழமை இன்ஸ்பெக்டரம்மா உன்னைக் கூப்பிடுவார். கேட்டதைக் கேட்டபடி முழு வாக்கியமாகச் சொல். ‘இருக்கலாம்’, ‘போலிருக்கிறது’ எல்லாம் வேண்டாம், நான் படித்த கான்வென்டில் அப்படிப் பதில் சொன்னால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார்கள். மருமகளிடமும் இதை மறைக்காதே. குழந்தைக்கு இருமல் என்றாயே, குளிர்ந்த தண்ணீர் கொடுக்க வேண்டாம்.

உனக்கு எழுத வேண்டாமென்று தங்கை தடுத்தாள். அண்ணன் தானாவே சொல்லுவாம்மா, நீ போய்க் கேட்டா அவனுக்கு அவமானமா இருக்கும் என்றாள். அவள் உன்னை நம்புகிறாள். நான் உன்னைப் பெற்றவள், அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல், தலை நிமிர்ந்து வாழ வேண்டும். திங்கட்கிழமை போனை எடு.

உன் அம்மா