பொன்னாங்கண்ணி பறித்த இடம்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நேற்று மாலை வீட்டுக்காரர் கலியாணசுந்தரம் வந்தார். காபி வேண்டாம் என்றார். இந்தப் பதினொரு வருடத்தில் அவர் காபி வேண்டாம் என்றதே இல்லை. விஷயம் பெரியது என்று அப்போதே தெரிந்துவிட்டது. மகன் வெளிநாட்டிலிருந்து திரும்பி வருகிறானாம். வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்களாம்.

"பொங்கலுக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடுமா. நீங்களும் எவ்ளோ நாளைக்குத்தான் வாடகையில இருப்பீங்க?" என்று எங்கள் எதிர்காலத்தைப் பற்றியும் கொஞ்சம் கவலைப்பட்டுவிட்டுப் போனார்.

வேறு வாடகை வீடு கிடைக்காது. 'தறி போடணும், தரையில் கால் வைக்கக் குழி தோண்டணும்' என்று நாங்கள் சொன்னதும் எந்த வீட்டுக்காரருக்கும் திடீரென்று மைத்துனர் ஒருவர் குடிவரத் தயாராகிவிடுகிறார். ஆகவே சொந்தமாக வாங்குவது. இருபத்தேழு வருடச் சேமிப்பும் என் சம்பளத்தின் மேல் கிடைக்கும் கடனும் சேர்ந்தால் ஒரு வீடு. ஒரே ஒரு வீடு. தவறாக வாங்கித் திருத்திக்கொள்ள வழியில்லை. வாங்காவிட்டால் இவர் யாருடைய கொட்டகையிலாவது போய் அடுத்தவர் தறியில் உட்கார வேண்டும். நமச்சிவாயம் என்ற என் கணவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் நேற்று இரண்டாவது தோசை கேட்கவில்லை.

இன்று அமாவாசை. ஊரில் தறி ஓடாத நாள், இவருக்கு விடுமுறை. நானும் நூலகத்துக்கு விடுப்புச் சொன்னேன். பொங்கலுக்குள் இன்னும் ஐந்து அமாவாசை வரும். ஐந்து நாளில் வீடு வாங்கி முடிக்க வேண்டும்.

முதலில் விக்னேஷ். 'ராஜயோகம் ப்ராப்பர்ட்டீஸ்.' காரில் ஏசி போட்டு அழைத்துப் போய் மூன்று வீடு காட்டினார். மூன்றும் பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் என்றார். ஒன்றிலிருந்து பேருந்து நிலையம் போய்ச் சேர்வதற்குள் இவர் தூங்கி எழுந்துவிட்டார்.

பிறகு செல்லியம்மாள். முசரவாக்கத்துக்காரர். இருபது வருடம் கூடையில் கீரை கொண்டுவந்து தெருத் தெருவாக விற்றவர், இப்போது வீடு காட்டுகிறார். கார் கிடையாது. நடத்தியே கூட்டிப் போனார். என்ன விலையில் பார்க்கிறீர்கள் என்று கேட்கவில்லை. இவரிடம், "தறிக்குழி எவ்ளோ ஆழம் தம்பி?" என்று மட்டும் கேட்டார். காட்டியது ஒரே வீடு. சின்ன காஞ்சிபுரத்திலேயே ஒரு பழைய சந்தில், ஏழு படி ஏறிப் போக வேண்டும். ரோஜா நிறக் கம்பிக் கதவு, பச்சைச் சுவர். இந்த இரண்டையும் சேர்த்து வைத்தவர் தனியாகத்தான் வாழ்ந்திருப்பார். இவர் வாசலிலேயே நின்று தறிமரத்தை எப்படி ஏழு படி தூக்குவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். உள் அறையில் தரையோடு தரையாக ஒரு பலகை.

"தூக்கிப் பாரு லைப்ரரி அம்மா" என்றார் செல்லியம்மாள்.

"பார்த்தவரை போதும்" என்றேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

புரோக்கர்களுக்கு அட்டை போட்டுவிட்டேன், நூலகத்தில் புத்தகத்துக்குப் போடுவது போல. விக்னேஷ்: 'பேச்சு நன்று. சரிபார்த்து வாங்கவும்.' செல்லியம்மாள்: 'கீரை.'

செப்டம்பர் 2, திங்கள்

இரண்டாவது அமாவாசை. விக்னேஷ் நான்கு வீடு காட்டினார். ஒன்றில் படுக்கையறைக்குள் இன்னொருவர் வீட்டு மாடிப்படி இறங்குகிறது. "யூனிக் டிசைன் மேடம்." ஒன்றில் மூலப்பத்திரம் கேட்டேன். "ஓனர் ஊர்ல இல்ல" என்றார். ஓனர் பின்னால் நின்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

செல்லியம்மாள் இரண்டு வீடு. இரண்டிலும் வாசலிலேயே நிறுத்தி, "இது உங்களுக்கு வேணாம்" என்றார். முதல் வீட்டுக்கு அண்ணன் தம்பி வழக்கு. இரண்டாவதில் மனை கோவிலுடையது, கட்டடம் மட்டும்தான் விற்பனைக்கு.

"வேணாம்னா எதுக்குக் கூட்டிக்கினு வந்தீங்க?" என்று இவர் கேட்டார்.

"நாளைக்கு வேற எவனாவது கூட்டிக்கினு வருவான் தம்பி. அன்னிக்கு உங்களுக்கு ஞாபகம் வரணும்ல?"

விற்காமல் பிழைப்பு நடத்தும் வியாபாரியை இப்போதுதான் பார்க்கிறேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கலியாணசுந்தரம் வந்து சுவரை அளந்துகொண்டு போனார். எங்களைப் பார்த்துச் சிரித்தார், அளந்த சிரிப்பு.

அக்டோபர் 2, புதன்

கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

குபேரலட்சுமி நகர். விக்னேஷ் கதவைத் திறந்ததும் வெள்ளை டைல்ஸ். எங்களிடம் இல்லாத காருக்கு இடம். நீளமான முன்னறை. இவர் பாதம் பாதமாக வைத்து நடந்து பார்த்தார். தறி உட்காரும், மேலே இரண்டு முழம் மீதி. எனக்கோ பின்னால் ஒரு சின்ன அறை, மூன்று பக்கமும் அலமாரி. என் புத்தகங்கள் இந்தப் பதினொரு வருடமாகக் கட்டிலுக்கடியில் வாழ்கின்றன. அந்த அறையில் நான் நின்ற விதத்தை விக்னேஷ் பார்த்துவிட்டார். "ஒரு வாரத்துல டோக்கன் அட்வான்ஸ் போட்டுடுங்க மேடம். சென்னை பார்ட்டி ரெடியா இருக்காங்க."

மரியாதைக்குச் செல்லியம்மாளையும் வரச் சொன்னேன். வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள வாங்களேன்."

"இங்கேயே தெரியுது லைப்ரரி அம்மா. இந்த எடத்துலதான் நான் பொன்னாங்கண்ணி பறிச்சிக்கினு இருந்தேன். பதினாறு வருசம்."

விக்னேஷ் சிரித்தார். "அது அப்போமா. இப்ப இது அப்ரூவ்டு லேஅவுட்டு."

"அப்ரூவலு பேப்பருக்குதாம்பா. தண்ணிக்கு யாரு குடுத்தது?" என்றவர், பக்கத்து வீட்டு ஜன்னலைக் காட்டினார். "அங்க பாரு, பீரோவ செங்கல் மேல நிக்க வெச்சிருக்காங்க. ஆசைக்கா வெச்சிருக்காங்க? மழை வரட்டும். அப்புறம் வந்து பாரு."

அவர் போன பிறகு விக்னேஷ் மெதுவாகக் கேட்டார்: "இவ்ளோ படிச்சவங்க நீங்க. கீரைக்காரம்மாவ கேட்டா மேடம் வீடு வாங்குவீங்க?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. வெட்கத்தோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 3, வியாழன்

நூலகத்தில் மூலிகைப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பொன்னாங்கண்ணி: 'நீர் தேங்கும் நிலங்களிலும் குளக்கரைகளிலும் தானே வளரும்.' பதினாறு வருடம் அதில் கால் நனைத்தவர் சொன்னபோது நம்பவில்லை. அச்சில் பார்த்ததும் நம்பிவிட்டேன். எனக்கும் ஓர் அட்டை போட வேண்டும்.

மாலையில் இவரிடம் சொன்னேன்.

"இப்படியே இழுத்துக்கினு போனா எப்படிமா? பொங்கல் வந்துடும்."

"வரட்டும். டைல்ஸை உடைச்சி குழி தோண்டறீங்க. குழியில தண்ணி ஊறினா?"

பட்டு இழை ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு தளரும். அதை அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெகுநேரம் தறியில் உட்கார்ந்திருந்தார். நெய்யவில்லை.

டோக்கன் போடவில்லை.

நவம்பர் 1, வெள்ளி

தீபாவளிக்கு மறுநாள் அமாவாசை. சுட்டெரிக்கும் வெயில். இப்படி ஒரு ஐப்பசியை நான் பார்த்ததில்லை. விக்னேஷ் போன் செய்தார்: "சென்னை பார்ட்டி நாளைக்கு வராங்க மேடம், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது." செல்லியம்மாளுக்குப் போன் செய்தேன். "மழை வரட்டும்" என்றார்.

மழை வராவிட்டால்? ஒரு கீரைக்காரம்மா சொன்ன வார்த்தைக்காக வீட்டை விட்டுவிட்டு, பொங்கலன்று தறியைக் கழற்றி எங்கே போடப் போகிறோம்? நான் என்னதான் செய்துகொண்டிருக்கிறேன்?

இவர் காலையில் வெளியே போனார். எங்கே என்று சொல்லவில்லை. திரும்பி வந்து, "மாணிக்கவாசகம் கொட்டகையில ஒரு தறி சும்மா இருக்குதாம்" என்றார். பிறகு பலகாரத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். பகல் பதினொரு மணி.

நவம்பர் 30, சனி

புயல். விடிந்ததிலிருந்து ஒரே கொட்டல். எங்கள் தறிக்குழியில் ஊறிய தண்ணீரை இவர் சொம்பால் இறைத்துக்கொண்டிருக்கிறார். பாவின் மேல் தார்ப்பாய். ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருக்கும்போது செல்லியம்மாளிடமிருந்து போன்.

"நல்ல மழைமா. நாளைக்குக் காலைல வீடு பாக்கலாம்."

டிசம்பர் 1, ஞாயிறு

வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் மழை விட்டிருந்தது, தண்ணீர் விடவில்லை. செல்லியம்மாள் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் ஒரு கழியோடு வந்து நின்றார். முதலில் குபேரலட்சுமி நகர். தெரு இல்லை, ஏரி இருந்தது. விக்னேஷின் சாய்ந்த விளம்பரப் பலகையில் 'ராஜ' மட்டும் தெரிந்தது, யோகம் தண்ணீருக்குள். நான் ஆசைப்பட்ட வீட்டின் வெள்ளை கேட் திறந்து கிடந்தது. காருக்கான இடத்தில் இரண்டு விரல் நீளத்தில் மீன்கள். செல்லியம்மாள் கழியை விட்டுப் பார்த்தார். முழங்காலுக்கு மேல்.

பக்கத்து வீட்டுக்காரர் கட்டில்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக, "வீடு பாக்க வந்தீங்களா? என்னுதுகூட விக்கறதுதான்" என்றார்.

திரும்பி நடக்கும்போது இவர், "இதுக்குள்ள குழி தோண்ட இருந்தேன்" என்றார்.

"வாங்க, இன்னொன்னு இருக்குது" என்று செல்லியம்மாள் எங்களைத் திருப்பிக் கூட்டிப் போனார். ரோஜா நிறக் கம்பிக் கதவு. சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு படியில் இரண்டு படி நனைந்திருந்தது. ஐந்து படி காய்ந்திருந்தது. ஆகஸ்டில் அவற்றை ஏறும்போது நான் முனகியது நினைவிருக்கிறது.

உள் அறை. அதே பலகை. இந்த முறை யாரும் சொல்லவில்லை, நானே குனிந்து தூக்கினேன். கீழே ஒரு தறிக்குழி. வீட்டை முதலில் கட்டியவரும் நெசவாளர்தானாம். இவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கோவிலுக்குள் இறங்குவது போல இறங்கினார். கைபேசி விளக்கை அடித்தார். அடித்தரையைத் தடவினார். சுவரைத் தடவினார். பிறகு குழிக்குள்ளிருந்து ஒரு கத்தல்:

"தூசிமா! தூசி! எப்படி காஞ்சிக் கெடக்குது பாரு!"

மேலே வந்தபோது வேட்டி, கை, மூக்கு எல்லாம் தூசி. துடைத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் இப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன் செல்லியம்மாளிடம்.

"சொன்னேனே. தூக்கிப் பாருன்னு. வெயில்ல எல்லா வீடும் நல்ல வீடுதான் லைப்ரரி அம்மா. அன்னிக்கு உனுக்கு பெயிண்ட்டுதான் தெரிஞ்சிது."

வீட்டுக்கு வந்ததும் 'கீரை' அட்டையைக் கிழித்தேன். புதிய அட்டை எழுதவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

வீட்டின் உரிமையாளர் தர்மன் சென்னையிலிருந்து வந்தார். அவரும் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார் போலும். சந்திலேயே காய்ந்த வீடு தன்னுடையது ஒன்றுதான் என்பதை மூன்று முறை சொல்லிவிட்டு, ஆடியில் சொன்ன விலை ஆடியோடு போயிற்று என்றார். எங்களிடம் அதற்கு மேல் இல்லை. இவர் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்லியம்மாள் குரலை உயர்த்தவில்லை.

"ஏம்பா, இருபது வருசம் இந்தச் சந்துல கீரை வித்தேன். உங்கம்மா என்கிட்டதான் வாங்கும். மழைக்காலத்துல கீரை கெடைக்காது, தெரியும்ல? அன்னிக்கும் அதே வெலைக்குத்தான் உங்கம்மாவுக்குக் கட்டு குடுத்தேன். கீரைக்காரி நானே வெயிலுக்கு ஒரு வெல மழைக்கு ஒரு வெல வெக்கல. நீ வெப்பியா?"

தர்மன் கொஞ்ச நேரம் கம்பிக் கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகு, "அம்மா உன்னைப் பத்திச் சொல்லும்" என்றார். பிறகு, "சரி, அதே விலை" என்றார்.

பேரம் பேசுவது பற்றி எங்கள் நூலகத்தில் ஏழு புத்தகங்கள் இருக்கின்றன. எதிலும் இது இல்லை.

டிசம்பர் 5, வியாழன்

வில்லங்கச் சான்று சுத்தம். மூலப்பத்திரம் சுத்தம். மனை கோவிலுடையது அல்ல. வழக்கறிஞர் குறை ஒன்றும் கிடைக்காத வருத்தத்தோடு கையெழுத்திட்டார்.

காலையில் விக்னேஷ் போன். "மேடம், குபேரலட்சுமி நகர் வீடு, ஓனர் நல்லா கொறைச்சிக்கறேன்னு சொல்றாரு."

"சென்னை பார்ட்டி?"

"அவங்க... வந்தாங்க மேடம். கார் உள்ள போகல."

டிசம்பர் 11, புதன்

பத்திரப் பதிவு. சாட்சிக் கையெழுத்து செல்லியம்மாள். எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு எழுத்துக்கும் நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டார். என் கையெழுத்தைவிடத் தெளிவாக இருந்தது.

ஜனவரி 12, ஞாயிறு

தறிமரத்தை ஏழு படி தூக்கினோம். நான்கு பேர், ஒன்றரை மணி நேரம். ஆறாவது படியில் இவர் நின்று, "இன்னும் நாலு படி இருந்தாலும் தூக்குவேன்" என்றார். மற்ற மூவரும் அதை ரசிக்கவில்லை.

கலியாணசுந்தரத்திடம் சாவி கொடுத்தாயிற்று. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னதாகவே. இந்த முறை அவர் காபி கேட்டார். பாத்திரமெல்லாம் மூட்டையில் என்றேன்.

ஜனவரி 20, திங்கள்

புதுப் பாவு ஏற்றி, குழியில் காலை இறக்கி, இன்று முதல் இழை. தறிச் சத்தம் என்று சொல்லிக்கொண்டு யாரும் வரவில்லை. பச்சைச் சுவரும் கண்ணுக்குப் பழகிவிட்டது. அதைப் பூசிய மனிதரும் அப்படித்தான் பழகியிருப்பார்.

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை. தறி ஓடாத நாள். ஆறு மாதத்தில் முதல் முறையாக, வீட்டுக் கவலை எதுவும் இல்லாத அமாவாசை. இவர் மேல் படியில் உட்கார்ந்து இரண்டாவது தோசையைச் சாப்பிட்டார். மூன்றாவதும் கேட்டார்.

நான் உள்ளே புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. விக்னேஷ்.

"மேடம், நல்லாருக்கீங்களா? ஒரு சின்ன ஹெல்ப்." குரலில் ஏசி இல்லை. "அந்தக் கீரைக்காரம்மா... செல்லியம்மா நம்பர் கெடைக்குமா?"

"எந்த பார்ட்டிக்கு?"

"பார்ட்டி இல்ல மேடம். எனக்குத்தான். வைகாசியில கல்யாணம். வீடு வாங்கலாம்னு இருக்கேன்."

நம்பரைக் கொடுத்தேன். ஐப்பசியில் மழை பிடித்த பிறகு கூப்பிடச் சொன்னேன்.