பாலத்துக்கு அந்தப் பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

ஹோட்டல் அறை அழகாகத்தான் இருக்கிறது. ஒரு சுவர் முழுக்கக் கடல் நீலம், மூங்கில் விளக்கு, கண்ணாடிக் குடுவையில் பச்சைக் கொடி. வாடகையும் குறைவு. ஏன் குறைவு என்று ஜன்னல் வழியே அந்தப் பாலத்தைப் பார்த்தால் தெரிகிறது.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் மட்டும் போயிடாதீங்க மேடம். எல்லாம் போதை கேஸுங்க" என்றாள் ரிசப்ஷன் பெண். அங்கே போகத்தான் வந்திருக்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? தம்பியை அங்கே பார்த்ததாக அவனுடைய பழைய சிநேகிதன் சொன்னான். அம்மா இறந்தது தம்பிக்குத் தெரியாது.

மார்ச் 5

தேடினேன். இல்லை. கால் வீங்கிவிட்டது.

மார்ச் 6

பார்த்துவிட்டேன். பாலத்தூணில் சாய்ந்து, கிழிந்த அட்டைமேல் உட்கார்ந்திருந்தான். முன்பல் இல்லை. இந்த வயதிலேயே அப்பாவை விடக் கிழமாக—

"அம்மா போயிட்டாங்கடா" என்றேன்.

"ஆள் மாறிப் பேசறீங்கம்மா. எனக்கு யாரும் இல்ல."

என்னைப் போய் 'ம்மா' என்கிறான். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். சின்ன வயதில் பொய் சொல்லும்போது செய்வது. ஹோட்டல் பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன். ஷவரைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 7

என் கணவர் போனில்: "தகவல் சொல்லியாச்சுல்ல? கிளம்பி வா." சரி என்றேன். நாளைக்குப் பேருந்து.

மார்ச் 8

பெட்டியோடு இறங்கினேன். வாட்ச்மேன் வாசற்படியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஒரு பிச்சக்காரன் மேடம். எங்கக்கா உள்ள இருக்கான்னு ஒரே அலப்பறை. ரெண்டு போட்டு அனுப்பினேன். எல்லாவனும் இப்படி ஒரு உறவு சொல்லிட்டுத்தான் வருவான்."

படியில் சிவப்பு இன்னும் போகவில்லை. கடவுளே. வந்திருக்கான். வாசல் வரைக்கும் வந்திருக்கான் என் புள்ள— "அது என் தம்பிய்யா!" என்று கத்தினேன். பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

அதே தூண். நெற்றி பிளந்து, ரத்தம் கண்ணில் இறங்கியிருந்தது. துடைக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டான்.

"அம்மா என்னைக் கேட்டாங்களாக்கா?"

கேட்டார்கள் என்றேன். கடைசி மாதம் அம்மாவுக்கு யாரையுமே அடையாளம் தெரியவில்லை.

பேருந்து போயிருக்கும்.

மார்ச் 19

பாலத்துக்குப் பக்கத்திலேயே, பஞ்சர் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்திருக்கிறேன். கணவர் என் போனை எடுப்பதில்லை. தம்பி உள்ளே வரமாட்டேன் என்கிறான். படியில் உட்கார்ந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிறான். சில நாள் வருவதே இல்லை. இன்று வந்தான். போதையை விட ஆஸ்பத்திரியில் சேர்கிறாயா என்று கேட்டேன்.

"பாக்கலாம்க்கா" என்றான்.

முடியாது என்று சொல்லவில்லை.