மூன்றாம் சிலிண்டரின் மரை

மார்ச் 4, செவ்வாய்

காலை முதல் டிரைவிங் வகுப்பு நர்ஸுக்கு. இரவுப் பணி முடித்து, சிவந்த கண்ணோடு நேராக என் வண்டிக்கு வருகிறவள். தண்ணீர்த் தொட்டி மேட்டில் இரண்டாம் கியரில் ஏறிக்கொண்டிருந்தாள். படாரென்று ஒரு சத்தம். டயர் வெடித்தது என்றுதான் நினைத்தேன். என் பக்கத்துப் பிரேக்கை மிதித்து ஓரங்கட்டினேன். வண்டி காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கியது. பானெட்டுக்குள் புஸ் புஸ்ஸென்று மூச்சு.

"நான் என்ன பண்ணேன் அக்கா?" என்றாள். நீ ஒன்றும் பண்ணவில்லை என்று எத்தனை தடவை சொல்லியும் நம்பவில்லை. அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

மூன்றாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கை இன்ஜின் துப்பியிருக்கிறது. அதன்மேல் நூல் சுற்றியதுபோல் அலுமினியச் சுருள். பிளக்கைப் பிடித்து நிறுத்தும் மரை, உள்ளே இருக்க வேண்டியது, உரிந்து கூடவே வந்துவிட்டது.

வண்டியை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் போட்டோம். வீட்டுக்காரர் டார்ச்சோடு குனிந்து பார்த்தார். எத்தனை மாதம் கழித்து இப்படி ஒன்றைக் குனிந்து பார்க்கிறார்!

"நானே சரி பண்ணிடறேன்" என்றார்.

பார்க்கலாம் என்றேன். என் கண் அவருடைய வலது கைக்குப் போனதை அவரும் பார்த்தார்.

மார்ச் 5, புதன்

உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. மரை கழன்றது வண்டிக்கா எனக்கா?

அந்தக் கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிதான். மிச்ச விரல்களில் சூடு தெரியாது, குத்தினால் தெரியாது. போன வாரம் தேநீர் டம்ளர் நழுவியதைக் கீழே விழுந்து உடைந்த பிறகுதான் கவனித்தார். அந்தக் கையால் மரை வெட்டுகிறாராம். கொஞ்சம் கோணினால் சிலிண்டர் ஹெட் முழுக்க வீண். வண்டி நின்றால் வகுப்பு நிற்கும், வகுப்பு நின்றால் வீடு நிற்கும். இதை எப்படி அவரிடம் வாய் திறந்து சொல்வது? வேண்டாம் என்று சொன்னால் அது வண்டியைப் பற்றிய பேச்சாகவா இருக்கும்?

சொல்லவில்லை. அவர் கைப் பயிற்சிக்கு மருத்துவமனை போனதும் மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டேன். வேகமான ஆள். போனைத் தோளில் இடுக்கிப் பேசிக்கொண்டே ஓட்டையைப் பெரிதாக்கி, புதிதாக மரை வெட்டி, அதற்குள் ஸ்பிரிங் போல ஒரு கம்பிச் சுருளைச் செலுத்தினார். "இனிமே இதுதான் மரை. சும்மா கிண்ணுன்னு நிக்கும்" என்றார். நின்றது. வண்டியும் சத்தமில்லாமல் ஓடியது.

இவர் திரும்பி வந்து மூடியிருந்த பானெட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"சரி" என்றார். அவ்வளவுதான். சண்டை போட்டிருக்கலாம்.

மார்ச் 6, வியாழன்

வண்டி ஓடுகிறது. வீட்டில் பேச்சு ஓடவில்லை.

மார்ச் 8, சனி

மறுபடியும். சந்தை நடுவே, பின்னால் பத்து வண்டி ஹார்ன் அடிக்க. இந்தத் தடவை பிளக்கோடு அந்தக் கம்பிச் சுருளும் வந்துவிட்டது. கற்றுக்கொள்ள வந்தவர், புதிதாகச் சேர்ந்த பெரியவர், கதவைத் திறந்து இறங்கி நடந்தே போய்விட்டார்.

மெக்கானிக்குக்கு அடித்தேன். எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் இவருக்கு அடித்தேன். பஸ் பிடித்து வந்தார். வந்ததும் ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். டார்ச் அடித்து ஓட்டைக்குள் பார்த்தார்.

"கோணலா வெட்டியிருக்கான். சுருள் இனிமே நிக்காது. நேரா இன்னும் பெருசா வெட்டி, குழாய் மாதிரி தடிச்ச புஷ் ஒண்ணு இறக்கணும். அதுக்குள்ள பிளக் உக்காரும்."

"கடையில கிடைக்குமா?"

"இந்த அளவுக்குக் கிடைக்காது. கடையணும்."

லேத்தில், கடைசல் மெஷினில், கடைய வேண்டும். யார் என்று நான் கேட்கவில்லை. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய விரலைத் தின்றதும் லேத்துதான்.

மார்ச் 9, ஞாயிறு

காலையிலேயே ஆரம்பித்துவிட்டேன். வேறு யாரையாவது கடையச் சொல்லலாமே, ஊரில் ஆளா இல்லை? அந்த மெஷின் முகத்திலேயே இனிமேல் முழிக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில நான் உட்கார்ந்திருந்தது எனக்குத்தான் தெரியும். உங்க சட்டையைப் பையில போட்டுக் கையில குடுத்தாங்க — அதைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன் — உங்களுக்கு என்ன, மயக்கத்துல இருந்தீங்க.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"விரல் போனது எனக்கு. பயம் மட்டும் உனக்கா?" என்றார்.

செருப்பை அவர் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தேன்.

"எனக்கும் பயம்தான். அதுக்காக எத்தனை நாள் டிவி பாக்கறது" என்றார். பிறகு, "நீயும் வா" என்றார்.

மார்ச் 10, திங்கள்

போனேன். அவர் வேலை பார்த்த அதே பட்டறை, அதே எண்ணெய் வாடை. முதலாளி எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார். இவரிடம் நேற்றுத்தான் பார்த்ததுபோல, "அந்த மூலை மெஷின் சும்மாதான் இருக்கு" என்றார். சொல்லிவிட்டுப் போனை நோண்ட ஆரம்பித்தார். போனில் வெளிச்சமே இல்லை, அணைந்து கிடந்தது.

இவர் லேத்துக்கு முன்னால் போய் நின்றார். சுவிட்சைத் தொடவில்லை. துணி எடுத்துத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். முழுக்கைச் சட்டையைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டுப் பனியனோடு நின்றார். அன்றைக்குச் சட்டைக் கைதான் முதலில் சிக்கியது.

மெஷின் சுற்ற ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் இன்னும் மோசம். திறந்தேன். இடது கையால் கைப்பிடியைத் திருப்பினார். வலது கை முதுகுக்குப் பின்னால், பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்குகிறவன் மாதிரி. பழக்கமில்லாத கை, முதல் புஷ் அளவு தப்பியது. தூக்கிப் போட்டார். எனக்கு அதோடு வீட்டுக்குப் போய்விட வேண்டும் போல இருந்தது. அவர் இன்னொரு இரும்புத் துண்டை மாட்டினார்.

இரண்டாவது சரியாக வந்தது. சின்ன மோதிரம் போல, வெளியே மரை, உள்ளே மரை, சிலிண்டருக்குள் விழுந்துவிடாமல் மேலே ஒரு கழுத்து. பிளக்கை உள்ளே விட்டுத் திருகிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு இறங்கியது. மரை வெட்டும் டேப் ஆடாமல் நேராக நிற்பதற்கு ஒரு வளையமும் கடைந்தார்.

முதலாளி அதை வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தார். "டீ சொல்லவா?" என்றார்.

மார்ச் 11, செவ்வாய்

இன்றைக்குச் சிலிண்டர் ஹெட்டில் மரை வெட்டும் நாள். வளையத்தைப் பொருத்தினார், டேப் முழுக்கக் கிரீஸ் அப்பினார். வெட்டும்போது உதிரும் துகள் உள்ளே விழாமல் கிரீஸில் ஒட்டிக்கொள்ளுமாம். இரண்டு கையாலும் பிடித்தார். கொஞ்சம் திருப்பினார். நிறுத்தினார்.

"என்னால சொல்ல முடியல. கடிக்குதா வழுக்குதான்னு இந்தக் கைக்குத் தெரியல" என்றார். முகம் வெளுத்திருந்தது. "நீ திருப்பு."

"நானா?"

"நீதான். பாதி சுத்து முன்னாடி, கொஞ்சம் பின்னாடி. கிளட்ச்ல கால் வெச்சா எங்க பிடிக்குதுன்னு நாள் பூரா பசங்களுக்குச் சொல்றல்ல. அதேதான், கையில."

திருப்பினேன். முதலில் ஒன்றுமே புரியவில்லை. அப்புறம் உலோகம் மெதுவாக விட்டுக்கொடுப்பது உள்ளங்கைக்குத் தெரிந்தது. இறுகுது என்றால் பின்னால் எடுக்கச் சொன்னார். வெளியே எடுத்துத் துடைத்து, புதுக் கிரீஸ் அப்பி, மறுபடியும். அவர் கண், என் கை. ஒரு இடத்தில் நான் அவசரப்பட்டதும், "பஸ்ஸா போயிடப் போகுது?" என்றார். சிரித்தால் கை ஆடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வாக்குவம் குழாயில் மெல்லிய டியூப் ஒன்றைச் சொருகி, சிலிண்டருக்குள் தங்கியிருந்த துகளை உறிஞ்சினோம். இவருக்குத் திருப்தியே வரவில்லை. திரும்பத் திரும்ப உறிஞ்சச் சொன்னார். புஷ்ஷின் வெளி மரையில் சூடு தாங்கும் பசை தடவி இறக்கினார். அது இறுகும் வரை யாரும் தொடக்கூடாது.

மார்ச் 12, புதன்

சாவியைத் திருப்பினேன். ஓடியது.

மேட்டுக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். ஏறும்போது தோள் காதுவரை வந்துவிட்டது எனக்கு. இப்போது வெடிக்கும், இதோ இப்போது. மேலே போய்த் திரும்பி, கீழே வந்து, மறுபடி ஏறினேன். இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மூன்றாவது தடவை, "போதும், பெட்ரோல் என்ன சும்மாவா வருது" என்றார்.

மார்ச் 17, திங்கள்

நர்ஸ் வந்தாள். வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன்.

"இன்னிக்கு வெடிக்காதுல்ல அக்கா?"

"வெடிச்சா ஓரங்கட்டு. அவ்வளவுதான்."

இதை நானா சொன்னேன்?

ஏப்ரல் 3, வியாழன்

மதியம், ஒரு பெண்ணுக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கும் பட்டறையிலிருந்து இவருடைய போன். பின்னணியில் மெஷின் சத்தம். "வேலை முடியல, வர நேரமாகும். நீ சாப்பிட்டுடு" என்று கத்தினார். சரி என்று வைத்துவிட்டு, கண்ணாடியைப் பார் கண்ணாடியைப் பார் என்று அந்தப் பெண்ணிடம் திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் உறைத்தது. பார்த்துச் செய்யுங்கள் என்று தினமும் சொல்கிறவள், இன்றைக்குச் சொல்லவே இல்லை.