மூன்று தடவை சொல்ல வைத்தேன், நைனா

என் நைனா,

நீ போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் உன் படத்துக்கு முன்னால் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை நான். உன்மேல் அவ்வளவு கோபம். இப்போது அந்தக் கோபம் ஆள் மாறிவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நம் குப்பத்தில் இருக்கிறவர்களும் படிக்கட்டும்.

உனக்கு இரண்டு பேத்திகள். பெரியவள் யமுனாவுக்குப் பன்னிரண்டு வயசு, சின்னவள் ரேவதிக்கு ஒன்பது. நீ ஆசைப்பட்டபடியே என்னை உன் அக்கா மகன் ஏழுமலைக்குத்தான் கட்டிக்கொடுத்தார்கள். அவர் ஏரியில் இறால் பிடிக்கிறார். நான் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போய்வருகிறேன்.

ரேவதி பொழுது சாய்ந்தால் வாசற்படி தெரியாமல் விழ ஆரம்பித்தாள். யமுனாவுக்குப் பக்கத்தில் ஆள் வந்து நிற்பதே தெரியவில்லை. சென்னையில் ஒரு கண் டாக்டரம்மாவிடம் காட்டினோம். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறதாம். முதலில் இருட்டில் தெரியாது, அப்புறம் ஓரங்கள் போகும், கடைசியில் நடுவும் போய்விடும். இவர்களுக்கு இப்போதைக்கு மருந்து இல்லை என்றார். சொந்தத்துக்குள் கட்டிக்கொண்டதால் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறதாம்.

"உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், நைனா. நீ கண் முன்னால் வந்துவிட்டாய்.

விளக்கு வைக்கிற நேரத்தில் சுவரைத் தடவிக்கொண்டு வருவாய். குடத்தை இடறுவாய். தட்டுக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீரைத் தட்டிவிடுவாய். ஒரு நாள் அந்தியில் உன் படகு தனபால் மாமா விரித்திருந்த வலைமேல் ஏறி, வலை கிழிந்துபோனது. அவர் ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று, "இவன் குடிச்சிட்டுப் படகு ஓட்றான். இவனுக்கு இனிமே பாடு கிடையாது" என்றார். ஏரியில் முறை வைத்து வலை போடுகிற உன் உரிமையை அன்றைக்கே பிடுங்கிக்கொண்டார்கள்.

"நான் தொடுறதே இல்லப்பா" என்று நீ சொன்னாய். யார் நம்பினார்கள்? நான்கூட, "குடிச்சிட்டு என்கிட்ட பேசாத நைனா" என்றேன். உன்மேல் சாராய வாசனையே இல்லையே என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

நீ ஏன் கண் தெரியவில்லை என்று சொல்லவில்லை? உனக்கே தெரியாதா? இல்லை, தெரிந்தால் யாரும் படகில் ஏற்றமாட்டார்கள் என்று பயந்தாயா?

கூலி வேலைக்குப் போய்விட்டு ஒரு சாயங்காலம் காட்டுப்பள்ளி ரோட்டைக் கடந்தபோது, பக்கவாட்டில் வந்த லாரி உன் கண்ணில் படவில்லை. உன்னைக் கிடத்தியிருந்த பந்தலில் நின்றுகொண்டு தனபால் மாமா, "போட்டுட்டு ரோட்ல நடந்தா வேற இன்னா ஆவும்?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உன்னை நினைத்து வெட்கப்பட்டுக் குனிந்தேன், நைனா.

"பாக்க வேண்டியத எல்லாம் இப்பவே காட்டிடுங்க" என்றார் டாக்டரம்மா. பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. மறுநாள் யமுனா வந்து, "மலை பாக்கணும்மா" என்றாள். நம் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீரும் மணலும்தானே. சின்னவள் யானை கேட்டாள்.

கம்பெனியில் லீவு தரமாட்டேன் என்றார்கள். "வேலைய வேணா எடுத்துக்குங்க, என் புள்ளைங்க கண்ணு காத்துனு இருக்காது" என்றேன். கொடுத்தார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறினோம். முதுமலையில் யானைக்கு ராகி உருண்டை ஊட்டுவதை ரேவதி பார்த்தாள். தும்பிக்கை தெரிந்தால் கால் தெரியாது அவளுக்கு. தலையைத் திருப்பித் திருப்பி நான்கு கால்களையும் எண்ணி முடித்த பிறகுதான் சிரித்தாள்.

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் மசமசவென்று இருட்டும் நேரம். ரேவதி ஒரு ஆள்மேல் மோதி, அவர் கையிலிருந்த டீ கொட்டிவிட்டது.

"ஏம்மா, கண்ணு தெரியலையா?" என்றார் கோபமாக.

"கொஞ்சந்தான் தெரியுது அங்கிள்."

அந்த மனுஷன் அப்படியே குனிந்து, "மன்னிச்சுக்க சாமி, எனக்குத் தெரியாதுங்க" என்று அவள் கையைப் பிடித்து எங்களிடம் கொண்டுவந்து விட்டார். முன்பின் தெரியாதவர். ஒரு பிள்ளை சொன்ன ஒரே வார்த்தையை நம்பினார். நீ பிறந்து வளர்ந்த ஊர் உன்னை நம்பவில்லை.

மறுநாள் காலை தொட்டபெட்டாவில் யமுனா வெகுநேரம் நின்றாள். "துண்டு துண்டாதான் தெரியுது. நான் சேத்து வெச்சுக்கறேன்" என்றாள். பிறகு மெதுவாக, "தாத்தாவுக்கும் இப்படித்தானாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன்.

"அப்ப ஏன் அவர குடிகாரன்னு சொன்னாங்க? நாளைக்கு என்னையும் சொல்வாங்களா?"

அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை கூட்டம். இப்போது தனபால்தான் தலைவர். பெண்கள் போய்ப் பேசுகிற இடமில்லை. ஏழுமலை, "நீ பேசு கௌரி, நான் பின்னாடி நிக்கிறேன்" என்றார். இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் நடுவில் நின்றேன். டாக்டரம்மா எழுதிக்கொடுத்த காகிதத்தை யமுனா முகத்துக்கு நேரே பிடித்து, எழுத்து எழுத்தாகப் படித்தாள். பிறகு உன் கதையை நான் சொன்னேன்.

"செத்தவனுக்கு இப்ப இன்னாம்மா பேரு வேண்டிக்கெடக்குது?" என்றார் தனபால்.

"செத்தவருக்கு இல்ல. இதோ நிக்குதுங்களே, இதுங்களுக்கு. நாளைக்கு இதுங்க தெருவுல தடுக்கி விழுந்தா நீ இன்னா சொல்லுவ?"

உன்னோடு படகில் வந்த கோவிந்தன்தான் எழுந்தார். "அவன் குடிச்சி நான் பாத்ததில்ல. அன்னிக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். சொல்லிடு தனபாலு" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர், "சொல்லிடுங்க" என்றார்கள்.

தனபால் தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார். "அவன் குடிக்கல. கண்ணுதான் தெரியல."

"கேக்கல" என்றேன்.

திரும்பச் சொன்னார்.

"நிமிந்து சொல்லு. இதுங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

மூன்றாவது தடவை சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. மனசு குளிர்ந்ததா என்று கேட்பாய். குளிர்ந்தது, நைனா. பொய் சொல்லமாட்டேன். ஆனால் போதவில்லை.

மறுநாள் ஒரு கூடை நண்டோடு வாசலில் வந்து நின்றார். "புள்ளைங்களுக்கு" என்றார். "எங்க நைனாகிட்ட புடுங்கின தண்ணில புடிச்சதா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினேன். "பாவம்மா அந்தத் தாத்தா" என்றாள் ரேவதி. பாவம்தான். இருக்கட்டும்.

அவரை நான் மன்னிக்கப்போவதில்லை. அதே மாதிரி, என்னையும் நீ மன்னிக்க வேண்டாம்.

ஏரியில் பூநாரைகள் இறங்கியிருக்கின்றன. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகளை எங்கள் படகில் கூட்டிப்போகிறோம். தனபால் வலை போடுகிற பக்கமாகத்தான் போவோம். அவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இவர்கள் கண்ணில் வெளிச்சம் இருக்கிற வரை ஊர் ஊராகக் காட்டுவேன். அது போன பிறகு, பட்டப்பகலில் இருவர் கையிலும் கோலைக் கொடுத்து, நம் குப்பத்துத் தெருவின் நட்டநடுவில் நடக்கவைப்பேன். ஒதுங்கிப்போக வேண்டியது ஊர்க்காரர்கள்தான். இது உன்மேல் சத்தியம்.

உன்னை நம்பாமல் போன மகள்,
யமுனாவுக்கும் ரேவதிக்கும் அம்மா,
கௌரி