கழிமுகத்துப் புயல்மனையின் கடைக்கால் குறித்து

நலம் பெருகுக. முத்தானை நாட்டு அரசி, வெண்குன்றக் கோட்டையுடைய வானவல்லித் தேவியார், கழிமுகப்பட்டினத்தைப் புரப்பவரும், கடற்காவலின் பொருட்டு இப்போது தொலைதீவில் தங்கியிருப்பவரும், எம்முடன் பிறந்தவருமாகிய இளவரசர் செருவேந்தருக்கு விடுக்கும் ஓலை. உமது கப்பற்பாய்கள் கிழியாதிருக்க. உமது வீரர் நோயின்றி இருக்க.

பெருந்தச்சர் நல்லியக்கனார் உமது ஆணையை மீறிப் புயல்மனையின் சுவரெழுப்பும் வேலையை நிறுத்திவிட்டார் என்றும், அவரைச் சிறையிலிட வேண்டும் என்றும் நீர் எழுதியது கிடைத்தது. சென்ற மழைக்காலத்தில் கடல் ஏறிவந்து மீனவர் தெருவை வாரிச் சென்றதைக் கண்ணால் கண்டவர் நீர். அம்மக்கள் ஒதுங்க இவ்வாண்டு மழைக்கு முன்பே ஒரு கல்மனை வேண்டுமென்று நீர் துடிப்பதை யாம் அறிவோம். ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிக்க மனமின்றி, யாமே பட்டினம் சென்றோம்.

பெருந்தச்சர் எம்மிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கடைக்கால் குழியைக் காட்டினார். முழங்காலளவு தோண்டியதுமே நீர் ஊறி நின்றது. நீண்ட மூங்கிலை ஊன்றினார். குழைந்த சோற்றில் அகப்பை இறங்குவதுபோல அது இறங்கிற்று. அண்மையில் நிலம் அதிர்ந்தபோது அருகிலிருந்த பழைய சுங்கச்சாவடி இடியவில்லை. அடியிலிருந்த ஈரமணல் கூழாகிக் கொப்பளிக்க, சுவர் பிளவாமலே வாசல்நிலை வரை புதைந்தது. உள்ளிருந்த காவலர் கூரையைப் பிரித்து வெளியேறினராம். மனை நிறைய மக்கள் இருக்கையில் அவ்வாறு நேர்ந்தால் என்செய்வது என்று அவர் வினவினார்.

ஆயினும், சென்ற வெள்ளத்தில் கணவனை இழந்த பவளாத்தாள் என்னும் மீனவப்பெண் கூட்டத்தை விலக்கி எம்முன் வந்து, “அடியில என்ன இருக்குன்னு பாத்துக்கிட்டே இருந்தா மேல மழை வந்துடுமே தாயே! புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு நாங்க எங்க ஓடுறது?” என்றாள். பெருந்தச்சர் தலைகுனிந்தார். இருவர் சொன்னதும் மெய். ஒருவருக்காக மற்றவரைக் கைவிட எமக்கு உரிமையில்லை.

ஆகவே ஆணையிடுகிறோம். எழுப்பிய சுவர் பிரிக்கப்படுக. சேற்றினடியில் கெட்டிமணல் தட்டும் வரை மரத்தூண்கள் நெருக்கமாக அறையப்படுக. எந்நாளும் நீருக்குள்ளேயே கிடக்கும் மரம் உளுத்துப்போகாது என்பது பெருந்தச்சர் தரும் உறுதி. நிலம் அதிர்ந்தால் மனை முழுவதும் ஒருங்கே அசையுமாறு, தூண்தலைகள் குறுக்கு விட்டங்களால் பிணைக்கப்படுக. நீர் விரும்பிய மேன்மாடம் வேண்டா; பாரம் குறைக. இவ்வேலை மழைக்கு முன் முடியாது. முடிக்கச் சொல்லி எவரும் அவரை விரட்டலாகாது. அவர் உம் ஆணையை மீறியது உண்மையே. அம்மீறலை எம் ஆணையாக ஏற்றோம்.

மழை ஓயும் வரை மீனவர் தெருவார் அனைவரும் பாறைமேல் நிற்கும் எம் அரண்மனையில் தங்குவர்; அவர்களை அழைத்துவர வண்டிகள் புறப்பட்டுவிட்டன. அரசவை எங்கே கூடுவது என்று அமைச்சர் முணுமுணுத்தனர். குதிரைக்கொட்டிலில் கூடுக என்றோம். உமது பள்ளியறையையும் அவர்களுக்கு ஒதுக்கிவிட்டோம், தம்பி. சினமிருந்தால் நேரில் வந்து காட்டுக. எம் அறையில் உமக்கொரு பாய் விரித்து வைப்போம்.

எம் கையால் யானை முத்திரை பொறித்தோம். கண்டவுடன் இதன்படி நடக்க. நிலம் பொறுக்க; நீர் அடங்க; குடி வாழ்க.