ஐம்பதாவது கையெழுத்தை நீக்கக் கோரி

அனுப்புநர்:
கி. பீமராவ் (வயது 69),
நேற்று வரை செயலாளர்,
வடக்குக்கரை நகர் குடியிருப்போர் நலச்சங்கம்,
ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி – 620 006.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: வடக்குக்கரை நகரில் மூடிக்கிடக்கும் பள்ளிக் கட்டடத்தில் வீடற்ற முதியோருக்கான தங்குமிடம் அமைப்பதற்கு எங்கள் சங்கம் தெரிவித்த ஆட்சேபணை – அதில் நான் செய்த தவறுகள் – அந்த ஆட்சேபணையை ஏற்க வேண்டாம் எனக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் சங்கத்தின் ஆட்சேபணை மனு, நாள் 14.07.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வையில் கண்ட மனுவை எழுதியவன் நான். தெருவிளக்கு, சாக்கடை அடைப்பு, நாய்த்தொல்லை என இச்சங்கத்தின் பெயரில் நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்களை எழுதியிருக்கிறேன். அவற்றுள் ஒரே மாதத்தில் முழுப்பலன் தந்தது இந்த ஆட்சேபணை மனுதான். தங்குமிடத் திட்டம் ஆகஸ்டில் நிறுத்திவைக்கப்பட்டது. சங்கக் கூட்டத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் மறுக்கவில்லை.

2. திட்டம் என்னவென்று தெரியாமல் எதிர்த்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. இருபத்து நான்கு பேருக்கு இடம், அறைக்கு இருவர், ஆளுக்கொரு கட்டில், பூட்டுப் போடக்கூடிய ஓர் அலமாரி, சமையலுக்கு ஆள், தினமும் வந்து பார்க்க ஒரு செவிலியர், ஓய்வூதிய விண்ணப்பம் எழுதித்தர ஒருவர். விளக்கக் கூட்டத்தில் தங்கள் அலுவலர் இவ்வளவையும் பொறுமையாகச் சொன்னார். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, தெருவின் அமைதி கெடும், மனை விலை இறங்கும், கண்டவர்களும் நடமாடுவார்கள் என்று எழுதினேன். கையெழுத்திட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, தனியாகக் காலந்தள்ளுகிறவர்கள். முதியோர் வேண்டாம் என்று முதியோரே எழுதிக்கொடுக்கிறோம் என்பது அன்று எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

3. மனுவின் ஐந்தாவது பத்தி முழுப் பொய். முதியோர் தங்குமிடம் என்றால் அடிக்கடி சாவு விழும், தெருவில் சடலம் இருக்கும்வரை நம்பெருமாள் புறப்பாடு அந்த வழியே வராது, ஆகவே உற்சவங்கள் தடைபடும் என்று எழுதியிருந்தேன். அப்படி ஒரு வழக்கம் இருப்பது உண்மைதான். ஆனால் எங்கள் நகர் வழியாக எந்தப் புறப்பாடும் வருவதில்லை. சேவிக்க நாங்கள்தான் கோயில் வீதிக்குப் போகிறோம். ஸ்ரீரங்கத்தில் பெருமாள் பெயரைச் சொன்னால் மறுகேள்வி வராது என்ற துணிச்சலில் எழுதியது அது. பெருமாளையே பொய்ச்சாட்சிக்கு இழுத்ததை இப்போது எழுதவும் கை கூசுகிறது.

4. எல்லா வீடுகளும் ஏறி இறங்கியும் நாற்பத்தெட்டுக் கையெழுத்துகளே தேறின. ஐம்பது இருந்தால்தான் எடுபடும் என்று சங்கத்தில் பேச்சு வந்தது. எங்களைப் போன்ற சங்கங்களில் ஆள் குறைந்தால், தெருவில் வேலை செய்கிறவர்களைப் பிடித்து எண்ணிக்கையைச் சரிக்கட்டுவார்கள். செய்கிறவர்கள் யாரும் இதை வெளியே சொல்வதில்லை. இஸ்திரி வண்டி சுடலைமுத்து, "சார் சொன்னா சரிதாங்க" என்று நாற்பத்தொன்பதாவதாகப் போட்டார். ஐம்பதாவது திருமதி செல்லக்கிளி, வயது எழுபத்தொன்று.

5. இவர் மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலையில் முப்பது ஆண்டுகள் நெல் காயப்போட்டவர். ஆலை மூடியபோது ஆலைக் குடியிருப்பில் இருந்த அறையும் போயிற்று. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. எங்கள் தெருமுனையில் கோலமாவு விற்று, மேற்படி பள்ளிக் கட்டடத்தின் கேட்டை ஒட்டிய தகரச் சார்ப்பின் கீழ் நான்கு ஆண்டுகளாகப் படுத்துவந்தார். எந்தக் கட்டடத்தில் அவருக்கு இடம் கிடைத்திருக்குமோ, அதன் வாசலிலேயே வைத்து அவரிடம் காகிதத்தை நீட்டினேன். "வயசானவங்களுக்கு இங்க வீடு வருதுல்ல, அது விஷயமா ஒரு மனும்மா" என்றேன். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லையே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். மை டப்பாவைத் திறந்தபோது, "கைநாட்டு வேணாங்க சார். அறிவொளி கிளாஸ்ல கத்துக்கிட்டேன், கையெழுத்தே போடுவேன்" என்று பேனாவை வாங்கி, நிறுத்தி நிதானமாகப் பெயரை எழுதினார். அந்தப் பெயரைத் தவிர வேறெதையும் அவரால் படிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

6. அன்றிலிருந்து பார்க்கும்போதெல்லாம், "எனக்கு எடம் வந்துருச்சாங்க சார்?" என்று கேட்டார். "வரும்மா, கவர்மென்ட் வேலை, கொஞ்சம் லேட்டாகும்" என்றேன். திட்டம் நிறுத்தப்பட்ட பிறகும் அதையேதான் சொன்னேன். ஒருநாள் மடியிலிருந்து புதுப் பூட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். தங்குமிடத்தில் தருவார்கள் என்று கேள்விப்பட்ட அலமாரிக்காம். அதன்பிறகு நான் பால் வாங்கக்கூட அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

7. கடந்த மாத மழையில் அந்தச் சார்ப்பின் கீழ் பாசியில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. இப்போது அரசு மருத்துவமனையில் இருக்கிறார். நன்றாகவே கவனித்துக்கொள்கிறார்கள். 17-ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். ஆள் துணையில்லாமல் எழுந்து நடக்க இன்னும் சில மாதங்களாகும் என்கிறார்கள். விலாசம் கேட்ட நர்ஸிடம் அவர் அந்தப் பள்ளிக் கட்டடத்தைத்தான் சொல்லியிருக்கிறார். "பீமராவ் சாரு மனு போட்டிருக்காரு, அதுக்குள்ள வந்துரும்" என்றும் சொல்லியிருக்கிறார்.

8. இதை வந்து சொன்னவர் தினமும் அவருக்குக் கஞ்சி கொண்டுபோகும் என் மனைவி ருக்மாபாய். கையெழுத்து வாங்கிய கதையை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். "அவங்க பேரை எழுத வச்சது நீங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றார். எங்கள் வீட்டு முன்னறையில் வந்து தங்கும்படி செல்லக்கிளி அம்மாவை என் மனைவி அழைத்தும் பார்த்தார். "ஒருத்தர் வீட்டுல ஒண்டிக்கிட்டு இருக்க மாட்டேம்மா. எனக்குன்னு எடம் வரட்டும்" என்று அவர் மறுத்துவிட்டார். ஆட்சேபணையைத் திரும்பப் பெறலாம் என்று நேற்றுச் சங்கக் கூட்டத்தில் கேட்டேன். "சால்வை போட்டப்போ இனிச்சுச்சா சார்?" என்றார் பொருளாளர். நியாயமான கேள்வி. யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. பதவி விலகிவிட்டேன், ஆகவே இம்மனு என் ஒருவன் பெயரில் மட்டும் வருகிறது.

9. தங்களை வேண்டுவது இதுதான். மேற்படி ஆட்சேபணை மனுவிலிருந்து என் கையெழுத்தையும், 49, 50 ஆகிய வரிசை எண்களில் உள்ள கையெழுத்துகளையும் நீக்க வேண்டும். ஐந்தாவது பத்தி பொய் என்பதை என் வாக்குமூலமாகவே பதிவு செய்யலாம். அதற்காக என்மீது எந்த நடவடிக்கை எடுத்தாலும் ஏற்கிறேன். தங்குமிடம் நின்றுபோனதால் அக்கட்டடத்தை மாநகராட்சிக் கிடங்காக ஒதுக்குவது பற்றி 20-ஆம் தேதிக் கூட்டத்தில் முடிவாகும் என அறிகிறேன். அதை நிறுத்திவைத்துத் தங்குமிடத் திட்டத்தை மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அது தயாராகும்வரை, 17-ஆம் தேதி முதல், திருமதி செல்லக்கிளியை ஆள் துணையுள்ள வேறு தங்குமிடம் ஒன்றில் சேர்க்க உத்தரவிட வேண்டும். இந்த இடுப்போடு தகரச் சார்ப்புக்குத் திரும்பினால் அவர் மார்கழியைத் தாண்டமாட்டார் என்று பயப்படுகிறேன்.

10. இன்று காலை மருத்துவமனைக்குப் போய், கட்டிலருகே நின்று, எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. "அப்ப நான் போட்ட கையெழுத்தாலதான் இருவத்திநாலு பேருக்கும் எடம் இல்லாமப் போச்சாங்க?" என்று கேட்டார். உங்களால் இல்லை, என்னால்தான் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. "தெரியாமப் போட்டுட்டேன், ஆபீசர் ஐயாவை மன்னிச்சுக்கச் சொல்லுங்க" என்று தங்களுக்கு எழுதும்படி கேட்டுக்கொண்டார். அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

இடம்: ஸ்ரீரங்கம்
நாள்: 11.11.2025

வெட்கத்துடன்,
(ஒப்பம்) கி. பீமராவ்