கயிற்றை நான் பிடிக்கிறேன்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் மகளும் நலம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள், தூங்குகிறீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று தோன்றும். போனில் பேசினால், சுவரேறுகிறாள் என்று நீங்கள் பல்லி என்று பெயர் வைத்த நம் மகள் கதவோரம் ஒட்டிக்கொண்டு கேட்பாள். நீங்களும் "சரி சரி, பாத்துக்கலாம்" என்று வைத்துவிடுவீர்கள். இதையாவது முழுக்கச் சொல்லவிடுங்கள்.

முதலில் பயணச் செய்தி. நீங்கள் சொன்னபடி ஏரிக்கரையில் அறை பிடித்தாயிற்று. மதியம்வரை பல்லி ஏறப்போகும் பாறையில் நிழல் இருக்குமாம், அதற்குப் பிறகு கல் சுடுமாம், விடுதிக்காரம்மா சொன்னார். பாறையடிக்குப் போகும் பாதை செங்குத்தாம். பழைய கயிற்றில் நூல் பிரிந்திருந்ததால் புதிதாக ஒன்று வாங்கினோம். அதைக் கூடத்தில் விரித்துப் போட்டு நானும் பல்லியும் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேல்வீட்டு அம்மா எட்டிப்பார்த்து, யாரைக் கட்டிப்போடப் போகிறாய் என்று கேட்டார். என் வீட்டுக்காரரைத்தான் என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

பல்லி அந்தச் சுண்ணாம்புப் பாறையின் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். வெள்ளை வெளேரென்று நேரே தண்ணீரில் இறங்குகிற மாதிரி நிற்கிறது. துணி எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் கதவைத் திறக்கிறேன். நீங்கள் வாங்கிக் கொடுத்த பாறை ஏறுகிற ஷூ அவளுக்கு இப்போது இறுக்கம். அப்படித்தான் இருக்க வேண்டும், அப்பாவே சொல்லியிருக்கிறார் என்று என்னை அடக்கிவிட்டாள்.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன். உங்களோடு வேலை செய்பவரின் மனைவி எங்கள் கண்ணாடிக் கடைக்கு வந்திருந்தார். பிரேம் பார்த்துக்கொண்டே, "உங்க வீட்டுக்காரரு இப்ப ஸ்டோர்லதானே? கம்பெனியில கிரேன்ல ஏறவேண்டாம்னு சொன்னதும் நல்லதுக்குத்தாங்க" என்றார். எனக்கு ஏற்கெனவே தெரிந்த மாதிரி தலையாட்டினேன். அவர் போன பிறகு ஒரு லென்ஸைத் தப்பாகத் தேய்த்து வீணாக்கினேன். நேற்றுகூட நீங்கள் போனில், கிரேனுக்கு மேலே நல்ல காற்று என்றீர்கள். எனக்குக் கோபமில்லை. பயம்தான்.

போன லீவில் டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரைப் பார்த்து நின்றீர்கள். கப் வழிந்து, சுடச்சுட உங்கள் கைமேல் ஓடியது. கை நகரவில்லை. உலுக்கியதும் "என்ன?" என்றீர்கள். தூக்கக் கலக்கம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடையில் அந்த அம்மா சொன்னதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பல்லிக்குத் தலை வாரும்போது, அப்பா எப்போதாவது கூப்பிட்டும் திரும்பாமல் இருந்தாரா என்று மெதுவாகக் கேட்டேன். அழுதுவிட்டாள்.

பாறையேறப் பழகும் பயிற்சிச் சுவரில், நீங்கள் கீழே கயிறு பிடிக்க, அவள் உச்சியில் இருந்தாளாம். இறக்கச் சொல்லிக் கத்தியிருக்கிறாள். நீங்கள் கீழே நின்று எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தீர்களாம். "கயிறு கையிலதாம்மா இருந்துச்சு. ஆனா அப்பா அங்க இல்லம்மா" என்றாள். விளையாடுகிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தாளாம். அப்புறம் இரண்டு கையாலும் சுவரைக் கட்டிக்கொண்டு, கீழே பார்க்காமல் இருந்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து நீங்கள் ஒன்றுமே நடக்காத மாதிரி இறக்கினீர்களாம். அப்பா வருத்தப்படுவார் என்று என்னிடம்கூட மூச்சுவிடவில்லை.

அன்று முதல் கடை முடிந்ததும் கயிறு பிடிக்கக் கற்றுக்கொள்ளப் பயிற்சிச் சுவருக்குப் போகிறேன். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறவே உங்களைக் கூப்பிடுகிறவள் நான். தரையில் நின்றுதானே கயிறு பிடிக்க வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் தைரியம் சொன்னார். மேலே தொங்குவது யார் என்று அவருக்கு என்ன! போன வாரம் பல்லி சொல்லாமல் கொள்ளாமல் பிடி நழுவி விழுந்தாள். கயிறு என்னைத் தரையிலிருந்து தூக்கிச் சுவரில் அடித்தது. முட்டி வீங்கிவிட்டது. ஆனால் கயிறு நின்றது. அவள் அந்தரத்தில் ஆடிக்கொண்டு சிரித்தாள். நான் அவளை இறக்கிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். "புடிச்சிட்டீங்கல்ல, அப்புறம் எதுக்கும்மா அழுகை?" என்றார் மாஸ்டர்.

பயணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால், தான் வாய் திறந்ததால்தான் என்று பல்லி காலமெல்லாம் நினைப்பாள். நீங்கள் வாருங்கள். பாறைக்குப் போகும் முன் டாக்டரைப் பார்ப்போம், நானும் கூட வருகிறேன். வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள், ரயிலில் வாருங்கள். வழியில் யாராவது கூப்பிட்டு நீங்கள் திரும்பவில்லையென்றால், உலுக்கிவிட அங்கே நான் இருக்கமாட்டேனே. உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், கயிற்றை நான் பிடிக்கிறேன்.

பயத்தோடும் ஆசையோடும்,
உங்கள் மனைவி.

•

என் அன்பான வீட்டுக்காரிக்கு,

உன் கடிதம் வந்தது. முதலில் கோபம்தான் வந்தது. கடைக்கு வந்து அந்த அம்மா எதற்கு இதைப் பேச வேண்டும் என்று பல்லைக் கடித்தேன். பல்லி சொன்னதைப் படித்த பிறகு கோபம் போன இடம் தெரியவில்லை. ஸ்டோர் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் கத்தியது எனக்கு நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் இல்லை.

இங்கே கம்பெனி டாக்டர் பார்த்துவிட்டு, ஊரில் நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு கொடுத்திருக்கிறார். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தேன். நீயும் கூட வா. அவர் சொல்லப்போவதை என்னால் தனியாக உட்கார்ந்து கேட்க முடியாது. ரயிலில் கீழ்ப் படுக்கை எடுத்துவிட்டேன்.

அவள் உன்னிடம் சொன்னது சரிதான் என்று பல்லியிடம் சொல். அப்பா வருத்தப்படவில்லை என்றும் சொல். அது பொய்யாக இருந்தாலும் சொல்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். பாறையை விட்டுப் பின்னால் தள்ளி நிற்காதே. அவள் விழுந்தால் உன்னை இழுத்து மோதிவிடும், முட்டி வீங்கியது அதனால்தான். ஒட்டி நில். சுண்ணாம்புப் பாறையில் திடீரென்று துண்டு பெயரும், ஆகவே நீயும் ஹெல்மெட் போடு. கயிறு உருவிப் போகாதபடி அதன் கீழ் முனையில் முடிச்சுப் போடாமல் அவளை ஏறவிடாதே. அவள் கிளம்பும் முன் நீ அவள் முடிச்சைப் பார், அவள் உன் இடுப்புக் கொக்கியைப் பார்க்கட்டும். யார் அவசரப்படுத்தினாலும், நானே அவசரப்படுத்தினாலும், பார்த்த பிறகுதான் ஏற வேண்டும்.

நான் உங்களுக்குப் பின்னால், தண்ணீரை விட்டுத் தள்ளி ஏதாவது மர நிழலில் உட்கார்ந்துகொள்கிறேன். ஒன்று மட்டும் எனக்கு வாக்குக் கொடு. பின்னால் என்ன சத்தம் கேட்டாலும், யார் என் பெயரைச் சொல்லிக் கத்தினாலும், அவள் கால் தரையில் படும்வரை நீ திரும்பாதே. நீயும் அவளும் நன்றாக இருக்க வேண்டும்.

உன்,
வீட்டுக்காரன்.